துணை நாற்காலி

பட்டை புழக்கத்துக்கு வந்தபிறகு மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் காட்டிய பெரிய அன்பு, எதையும் சொல்லாமல் இருப்பதுதான். மகன் எங்கே போகிறான் என்று தாய் கேட்பதில்லை. புருஷன் யாரைப் பார்த்துவிட்டு வந்தான் என்று பெண்டாட்டி கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், நெற்றியில் அந்த ரப்பர் பட்டையைக் கட்டி எதிரே ஒரு புகைப்படத்தைக் காட்டினால் போதும். வாய் மூடிக்கிடந்தாலும் மண்டை காட்டிக்கொடுத்துவிடும். 'உனக்குத் தெரிய வேண்டாம்' என்பது பழைய காலத்தில் கோபத்தில் சொல்வது. இப்போது பெற்றவர்கள் பிள்ளைகளை வாழ்த்துவதே அப்படித்தான்.

இதெல்லாம் தெரிந்தும் செண்பகவல்லி அந்தப் பட்டைக்குத் தலையை நீட்டினாள். காரணம் ஆசை. வேறு பெயர் சொல்லி அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

கோவில்பட்டியில் கூட்டுறவு மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே வினாடிவினாப் பைத்தியம். மாத்திரை வாங்க வருகிறவர்களுக்குச் சில்லறை கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆறுகளும் தலைநகரங்களும் போர்களும் படித்தாள். பட்டை கட்டி ஆடும் 'மனசறிய' டி.வி. வினாடிவினாவுக்கு நாலு லட்சம் பேர் எழுதிப் போட்டு அதில் அவளை எடுத்தார்கள். கடிதம் வந்த அன்றைக்குக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் பஜாரில் இரண்டு தடவை நடந்தாள், யாராவது கேட்க மாட்டார்களா என்று.

அவள் மண்டைக்குள் வைத்துக் காக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. அவள் தம்பி கதிரேசன் எங்கே இருக்கிறான் என்பது.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி ஆலையில் அவன் சங்கத்து ஆள். வேலைநிறுத்தத்தின்போது காவல் அறை தீப்பிடித்து உள்ளே ஒரு மேலாளர் செத்துப்போனார். வழக்கில் பெயர் வந்த மற்றவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். கதிரேசன் மட்டும் அகப்படவில்லை. தீ வைத்தது அவனா என்று செண்பகவல்லி கேட்டதில்லை. ஆனால் அவன் இருக்கும் இடத்தை அறிவாள். வாலிநோக்கத்தில், உப்பளத்து ஓரம், ஒரு தகரக் கொட்டாய். யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியிருந்தான். ஆடியில் முதல் தடவை போனாள். அப்புறமும் போனாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அய்யாத்துரை மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வெடுத்தவர். தீ விபத்துச் செய்தி வந்த மறுநாளே சுவரில் இருந்த மகன் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, "எனக்கு ஒரே பொண்ணு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர். அதனால்தான் போட்டிக்குத் துணையாக யாரைக் கூட்டிவரலாம் என்று கேட்டபோது செண்பகவல்லி யோசிக்கவே இல்லை.

"எனக்கு எதுக்குளா இந்தக் கெரகம்?" என்றார் அவர், ரயிலில்.

"சும்மா உக்காருங்கப்பா. உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"பெறகு என்ன பயம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்பனை அறையில் அவர்களோடு இன்னொரு போட்டியாளரும் காத்திருந்தார். கரூர் நாச்சிமுத்து. ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வாயாடி. பக்கத்தில் அவர் மனைவி ஈஸ்வரி, பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பவுடர் பூசிக்கொண்டிருந்த பெண் வேலைக்குப் புதுசு. மேசை மேல் கிடந்த பட்டையை விரலால் தள்ளிப் பார்த்தாள். "அங்கிள், இது ஷாக் அடிக்குமா?"

"அட, ஒண்ணும் பண்ணாது கண்ணு," என்றார் நாச்சிமுத்து. "உங்க ஊட்டுல நாய் இருக்குதா? தெரிஞ்சவன் எதுக்க வந்தா தன்னால வாலாட்டுமில்ல? அதை நீ ஆட்டாதேன்னு சொன்னாக் கேக்குமா? மூளையும் அப்பிடித்தான். முன்னால பாத்தது, கேட்டது எதுக்க வந்தா ஒரு ஆட்டு ஆட்டும். பட்டை அந்த வாலைப் பாக்குது. அவ்வளவுதேன்."

"போலீஸ்ல கட்றதும் இதானா?"

"இதேதான். ஆனா நம்ம சம்மதமில்லாம அவங்க கட்ட முடியாது. கோர்ட்டு சொல்லிப்போடுச்சு." சிரித்தார். "இங்க நாமளே வந்து கழுத்தை நீட்டறோம். என்னுங்க அம்மிணி?"

செண்பகவல்லியும் சிரித்தாள். "உங்களுக்குப் பிள்ளைக எத்தனைண்ணே?"

"ஒரே பையன். எங்கிருக்கறான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க."

"ஐயோ, நான் ஏன் கேக்கேன்?"

இந்தக் காலத்து மரியாதை அது. ஈஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

மேடைக்குப் போகும் முன் செண்பகவல்லி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காது கேட்க எப்போதும் மாட்டியிருக்கும் மிஷின் இல்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். "கூட்டத்துல கொய்யுங்குது" என்றார் கேட்காமலே.

ஆட்டத்தின் விதி சுலபம். நாலு விடை சொல்வார்கள். சரியானதைத் தெரிந்து சொன்னால் முழுத் தொகை. குருட்டாம்போக்கில் சொல்லிச் சரியாக அமைந்தால் கால் பங்கு. தெரிந்து சொன்னாளா, குத்துமதிப்பா என்பதைப் பட்டை சொல்லும். பார்வையாளர்களின் முன்வரிசையில் துணை நாற்காலி. துணைக்கும் பட்டை உண்டு. அவர் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு. அவருக்குத் தெரிந்தது ஏதாவது வந்தால் விளக்கு எரியும். ஜனங்கள் கைதட்டும்.

அய்யாத்துரையின் விளக்கு எரியவே இல்லை. அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா!" என்றான் தொகுப்பாளன் ரிஷ்வந்த். பளபளக்கும் கோட்டும் வெள்ளைப் பல்லுமாக இருந்தான். "மூணு கேள்வி முடிஞ்சிருச்சு. ஒண்ணுக்காச்சும் எரிய வைங்க ஐயா. கரண்ட் பில்லு நாங்கதான் கட்றோம்!"

அரங்கம் சிரித்தது. அய்யாத்துரை நிமிரவில்லை.

"மிஷின் மாட்டல அவரு," என்றாள் செண்பகவல்லி. "நான் கெட்டிக்காரியா தெரியணும்னு தியாகம் பண்ணுதாரு."

அதற்கும் கைதட்டல். அவள் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். எரிமலை, எண்கணிதம், சேர நாட்டுத் துறைமுகம் எல்லாவற்றுக்கும் முழுத் தொகை.

அடுத்த கேள்வி உப்புச் சத்தியாகிரகம். திருச்சியிலிருந்து கிளம்பிய நடைப்பயணம் எந்த ஊரில் முடிந்தது? வேதாரண்யம். மரக்காணம். தூத்துக்குடி. வாலிநோக்கம்.

கடைசிப் பெயர் காதில் விழுந்ததும் நெஞ்சுக்குள் ஒன்று சறுக்கியது. வேதாரண்யம் என்று சொல்லி முழுத் தொகை வாங்கினாள். தற்செயல் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உப்பளம் இருக்கிற ஊர்களாகப் பார்த்துப் போட்டிருக்கிறான், கேள்வி போடத் தெரிந்தவன்.

அடுத்தது: கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் எது? சாயல்குடி. கோவில்பட்டி. ஏர்வாடி. சிக்கல்.

"உங்க ஊர்க் கேள்வி! அல்வா மாதிரி!" என்று கூவினான் ரிஷ்வந்த்.

"அல்வா இல்ல, கடலைமிட்டாய்," என்றாள் அவள். வாய் சிரித்தது. கண் தவறான விடைகளிலேயே நின்றது.

ஒரு கேள்வியில் சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கேள்வி போட்டவன் யார் என்பது தவறான விடைகளில்தான் தெரியும். கடலைமிட்டாய்க்குத் தவறான விடை போட உட்கார்ந்தவன் சாத்தூரைப் போடுவான். அருப்புக்கோட்டையைப் போடுவான். நாக்கில் எச்சில் ஊறும் நாலு ஊரைப் போட்டுக் குழப்புவான். எவனும் சிக்கலையும் சாயல்குடியையும் ஏர்வாடியையும் போட மாட்டான். அந்த மூன்று ஊருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். மூன்றும் வாலிநோக்கத்தைச் சுற்றி இருக்கின்றன.

சரியான விடை அவளுக்காக. மற்ற மூன்றும் தூண்டில். அவள் வாய் எதைச் சொல்கிறது என்று அரங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் மண்டை எதற்கு வாலாட்டுகிறது என்று இன்னொரு அறையில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கோவில்பட்டி," என்றாள்.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அதுவே பதில். உட்கார்ந்திருந்தாலும் ஆபத்து. இவ்வளவு நேரம் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் ஊரும் அதன் சுற்றுவட்டாரமும். அந்தக் கடற்கரையில் கொட்டாய்கள் எத்தனையோ. எந்தக் கொட்டாய் என்பது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

"அடுத்து படக் கேள்வி!" என்றான் ரிஷ்வந்த். "நாலு படம், ஒண்ணொண்ணா வரும். நாலுலயும் ஒரு மரம். மூணு பனைமரம், ஒண்ணு ஈச்சமரம். ஈச்சமரம் எதுன்னு கண்டுபிடிக்கணும். தயாரா?"

மரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? மரத்துக்குப் பின்னால், அவர்கள் சந்தேகப்பட்டுப் படமெடுத்து வைத்த இடங்கள் இருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தெரிந்த இடத்தைக் கண்டால் மூளை துள்ளும், தடுக்க முடியாது. தடுக்க முடியாததைத் தடுக்கப் பார்ப்பது மடத்தனம். அப்படியானால் நாலுக்கும் துள்ளட்டும்.

முதல் படம் வந்தது. மரம். பின்னால் ஓலைக்குடிசை. அவள் அந்தக் குடிசை வாசலில் கதிரேசனை நிறுத்தினாள். கைலியை மடித்துக்கட்டி, சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இருந்த வெட்டுத்தழும்பு வரைக்கும் பார்த்தாள். இரண்டாவது படம். ஓட்டுக் கட்டடம். அதன் திண்டில் அவன் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மூன்றாவது படத்தில் அந்தத் தகரக் கொட்டாயே இருந்தது. நீலக் கதவு, கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்த சிமெண்டுத் தொட்டி. அங்கும் அவன் நின்றான், மற்ற இடங்களில் நின்ற மாதிரியே. நான்காவதில் பம்புசெட் அறை. அதற்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்து, "என்னக்கா?" என்றான்.

"ஒண்ணாவது படம்," என்றாள்.

ரிஷ்வந்தின் காதில் செருகியிருந்த கருவியில் யாரோ அவனுக்கு என்னவோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே புன்னகையைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செண்பகவல்லி, விடை சரி! ஆனா எங்க டீம் ஒரு விஷயம் சொல்றாங்க. நாலு படத்துக்கும் உங்க மனசு ஒரே மாதிரி துள்ளியிருக்காம். இப்படி ஒண்ணை நாங்க பாத்ததே இல்ல. தெரிஞ்சு சொன்னீங்களா, குத்துமதிப்பான்னு பட்டைக்கே புரியல. கால் பங்கு வாங்கிட்டுக் கிளம்பலாம். இல்லேன்னா விதிப்படி துணைக்கு அதே படங்களைக் காட்டுவோம். துணை மனசுல விடை இருந்தா முழுத் தொகை. என்ன பண்றீங்க?"

ஜெயித்துவிட்டாள். அது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பட்டையை அவள் ஜெயித்துவிட்டாள்.

இனி மிச்சம் அப்பா. கால் பங்கோடு கிளம்பினால், அப்பாவைக் காட்டப் பயந்து ஓடினாள் என்று அந்த அறையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நாளைக்கு அவரைத் தேடி வீட்டுக்கு வருவார்கள். காட்டிவிட்டால்? அவருக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு எரியாது. இந்தக் குடும்பத்தில் பிடிக்க ஒன்றுமில்லை என்று இன்றோடு விட்டுவிடுவார்கள். உலகத்திலேயே பத்திரமான மண்டை அப்பாவுடையது.

"காட்டுங்க," என்றாள்.

"ஐயா தூங்குறாரு போல. நீங்களே எழுப்புங்க!"

மேடையிலிருந்து இறங்கிப் போனாள். அய்யாத்துரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தூங்கவில்லை. தோளைத் தொட்டாள்.

"யப்பா. நிமிந்து பாருங்க."

காது கேட்காவிட்டாலும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. கூட்டத்தைக் கண்டு கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே அவர் தாடையில் கைவைத்துத் திரைப் பக்கம் திருப்பினாள். சின்னப்பிள்ளைக்குத் தலை சீவும்போது திருப்புவதுபோல.

முதல் படம். விளக்கு எரியவில்லை.

இரண்டாவது படம். எரியவில்லை.

மூன்றாவது படம். அரங்கமே மஞ்சளாகும்படி எரிந்தது.

"ஐயோ ஐயா!" என்று கத்தினான் ரிஷ்வந்த். "அது பனைமரம்! கடைசியில எரிஞ்சீங்க, அதுவும் தப்பான படத்துக்கு எரிஞ்சீங்களே!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அய்யாத்துரை கண்ணை மூடிக்கொண்டார். மூடிய பிறகும் விளக்கு கொஞ்சநேரம் எரிந்துகொண்டிருந்தது.

செண்பகவல்லியின் கை இன்னும் அவர் தாடையில்தான் இருந்தது.

கால் பங்குக்கான பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். நடைவழியில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் சுவரில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். "மூணாவது சார். ஆமா, நீலக் கதவு. பொண்ணு சமாளிச்சிருச்சு. பெரியவர்கிட்ட சுத்தமா வந்திருக்கு. சரி சார். வண்டி கெளம்பிருச்சுல்ல?" அவர்களைக் கண்டதும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லா வெளையாண்டீங்க மேடம்."

"உள்ள வரும்போது வாங்கி வச்ச என் போனைக் குடுங்க."

"ஷூட்டிங் முடிஞ்சதும் எல்லாருக்கும் குடுப்பாங்க. இன்னும் ஒரு எபிசோடு இருக்கு."

"கோர்ட்டு சொல்லியிருக்கு. சம்மதம் இல்லாம..."

"நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க? ரெண்டு பேருமே போட்டிருக்கீங்க. இங்க பதிவாகிறதெல்லாம் கம்பெனி சொத்து. கம்பெனி விக்கும். வேணுங்கிறவங்க வாங்குவாங்க." குரலில் பகை ஒன்றும் இல்லை. கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டாள். "நாலு லட்சம் பேருல என்னை எதை வச்சு எடுத்தீங்க?"

"நல்ல மார்க்குதான் மேடம் வாங்கியிருந்தீங்க," என்றார் அவர். குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துச் சொல்வார்களே, அந்தக் குரலில்.

அவர் போன பிறகு அய்யாத்துரை காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். இனிமேல் கேட்டால் என்ன.

"எப்பலருந்துப்பா?"

"மொதல்லருந்தே. நாந்தான் அவனைக் கொண்டுபோய் விட்டேன். அந்தக் கொட்டாயே நான் பாத்துக் குடுத்ததுதான்."

"மகனே இல்லைன்னீங்க. படத்தைக் கழட்டுனீங்க."

"அது ஒனக்காகப் பண்ணது. நான் வெறுத்துட்டேன்னு தெரிஞ்சா நீயும் அவனைத் தேட மாட்டேன்னு நெனச்சேன்."

"போன மாசங்கூட அங்க போய்ட்டு வந்தேன்ப்பா."

அவர் அவளையே பார்த்தார். "அவன் சொல்லலையே."

"நீங்க வாரதை எங்கிட்டயும் சொல்லல. கூறுகெட்டவன். நம்மளைக் காப்பாத்துதானாம்."

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லளா. நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல."

வாலிநோக்கத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வண்டி போகும், போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று அந்த மினிபஸ் கண்டக்டரின் மண்டை தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். உதடு அசைந்தது.

ஒப்பனை அறைக் கதவு திறந்தது. நாச்சிமுத்து பவுடர் முகத்தோடு, புதுச்சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஈஸ்வரி. இருவர் நெற்றியிலும் பட்டை.

"என்னுங்க அம்மிணி, எத்தனை அடிச்சீங்க?"

செண்பகவல்லி அவர் சட்டையை இறுகப் பிடித்தாள். "அண்ணே, அக்காவை உள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. தலைவலின்னு சொல்லுங்க. மயக்கம்னு சொல்லுங்க. என்னத்தையாவது சொல்லுங்க. கூட்டிட்டுப் போகாதீங்க."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங்க, இவளாலதான் நான் ஜெயிச்சுப்போடுவேன்னு பயமா?" அவள் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டார். "இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க அம்மிணி. அதனாலதானே கூட்டியாந்தேன்."

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. ஈஸ்வரி அவர்களைக் கடந்து போகும்போது செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. அரங்கத்துக் கதவை நெருங்க நெருங்க அந்த அம்மாளின் தலை தரையை நோக்கிக் கவிழ்ந்துகொண்டே போயிற்று.